விளையாட்டும் மருந்தாகும்: நான்கு கோடி ரூபாப் படிப்பு நமக்குப் பொருந்துமா?

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகிலும் நடந்து பார்த்தால், புடைவைக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் அடுத்தபடியாகக் கண்ணில் படுவது வெளிநாட்டுக் கல்வி முகவர்களின் பெயர்ப்பலகைகள்தான். உயர்தரப் பெறுபேறு வெளியானதும் அங்கே கூட்டம் கூடிவிடும். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து நம்மவர்களும் பெறுபேற்றுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உயிரியல் பிரிவில் கஷ்டப்பட்டுப் படித்து, மருத்துவ பீடத்துக்கு இஸட் புள்ளி போதாமல் போன பிள்ளைகளே அதில் அநேகர். "டொக்டர்தான் கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரியோடு சம்பந்தப்பட்ட வேறு ஏதாவது இருக்கிறதா?" என்பதுதான் தகப்பன்மாரின் கேள்வி. முகவர் நீட்டும் கையேட்டில் தாதியம், பிஸியோதெரபி ஆகியவற்றோடு 'தெரபியூடிக் ரெக்ரியேஷன்' என்றொரு பெயரும் இருக்கிறது.

பொழுதுபோக்குச் சிகிச்சை என்று தமிழில் சொல்லலாம். இதைப் பற்றி என்னிடம் விசாரித்த வியாபார நண்பர் ஒருவர், "நாநா, விளையாட்டுக் காட்டுவதற்கும் டிகிரியா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு விடக்கூடிய விடயமல்ல. படிப்பும் உண்மையானது, அதற்கான தேவையும் உண்மையானது. ஆனால் நம்முடைய முதலை அதில் போடலாமா என்பது வேறு கணக்கு.

முதலில் தொழிலைப் பார்ப்போம். நம் வீடுகளில் உள்ள கரம் பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிசவாதம் வந்து வலது கை தளர்ந்த ஒருவரைப் பலகை முன்னால் உட்கார வைத்தால் என்ன நடக்கிறது? உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். காயைக் கண்ணால் பிடிக்க வேண்டும். விரலை மடித்து அளவாகச் சுண்ட வேண்டும். தன் முறை வரும்வரை பொறுக்க வேண்டும். எதிரே இருப்பவரோடு நாலு வார்த்தை பேசவும் வேண்டும். ஒரு விளையாட்டை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு எந்த நோயாளியின் எந்தக் குறைக்கு உதவும் என்று கணிப்பதுதான் இந்தப் படிப்பின் மையம். நோயாளியை மதிப்பிடுவது, திட்டம் போடுவது, செய்விப்பது, எவ்வளவு முன்னேறினார் என்று அளந்து எழுதி வைப்பது என்று வேலை ஒழுங்காக நடக்கும். அதற்காக உடற்கூற்றியல், உளவியல், முதுமை, மாற்றுத்திறன் எல்லாம் படிக்கிறார்கள். சும்மா ஆட்டம் போடுகிற வேலை இல்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு முதலாளியைச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்து முப்பது வருடம் நடத்தியவர். பாரிசவாதம் வந்தது. வைத்தியர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். பிஸியோதெரபி கொடுத்து நடக்க வைத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு மனுஷர் கதிரையில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்தபடியே இருந்துவிட்டார். மகன்மார் கடையைப் பார்த்துக்கொண்டார்கள், மருமகள்மார் சாப்பாட்டைக் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஒருவர்கூட அவரிடம் ஒரு பில் புத்தகத்தைக் கொடுத்து "இதைக் கூட்டிப் பாருங்கள் வாப்பா" என்று சொல்லவில்லை. ஒரு வருடத்துக்குள் பேச்சுக் குறைந்தது, பிறகு நடையும் குறைந்தது. கடையே உலகம் என்று வாழ்ந்த நம் தகப்பன்மாருக்கு லாச்சிச் சாவி கைமாறியதும் மிஞ்சுகிற நேரம்தான் பெரிய நோய். அந்த நேரத்துக்கு மருந்து கொடுப்பது யார்?

இதை மேற்கத்தியரின் புதுமை என்றும் நினைக்க வேண்டாம். துருக்கியில் எதிர்னே நகரில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் கட்டி முடித்த வைத்தியசாலையில் மனநோயாளிகளுக்கு நீரூற்றின் ஓசை, பூக்களின் மணம், இசை ஆகியவற்றைக் கொண்டும் சிகிச்சை செய்தார்கள். இசைக் கலைஞர்கள் அங்கு வந்து வாசித்ததை 17ஆம் நூற்றாண்டுப் பயணியான எவ்லியா செலெபி எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கட்டிடம் இன்று சுகாதார நூதனசாலையாக இருக்கிறது. (இசை கூடுமா கூடாதா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். நோயாளியின் மனதையும் கவனித்தார்கள் என்பதே நான் சொல்ல வந்தது.) இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர், முள்ளந்தண்டில் அடிபட்ட படைவீரர்களைக் கட்டிலில் கிடக்க விடாமல் விளையாட வைத்தார். 1948 ஜூலை 29ஆம் திகதி ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் சக்கர நாற்காலியில் இருந்த 16 பேர் அம்பெய்தார்கள். அதன் தொடர்ச்சிதான் பராலிம்பிக். கையில் காயப்பட்ட நம் நாட்டு இராணுவ வீரர் தினேஷ் பிரியந்த ஹேரத், 2021இல் நடந்த டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையுடன் தங்கம் வென்றதை எல்லோரும் பார்த்தோம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இது தனித் தொழிலாக வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் 1981இல் இதற்கென ஒரு தேசிய சான்றிதழ் சபை அமைந்தது. பட்டம் மட்டும் போதாது. தகுதி பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 14 வாரம், 560 மணித்தியாலம் பயிற்சி முடித்து, பரீட்சையும் எழுதினால்தான் அந்தச் சபையின் சான்றிதழ். கனடாவில் வாட்டர்லூ, புரொக், டல்ஹௌசி ஆகிய பல்கலைக்கழகங்களில் இதைப் படிக்கலாம்.

அங்கே இதற்கு வேலை எப்படி உண்டாகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு இல்லம் நடத்துகிறவர் அங்குள்ளவர்களுக்கு ஒழுங்கான பொழுதுபோக்கு, சமூக நிகழ்ச்சித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டமே சொல்கிறது. அமெரிக்காவின் மத்திய அரசு விதிகளும் அப்படித்தான். ஆகவே இல்லம் நடத்துபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆள் எடுக்கிறார். சட்டம் சந்தையை உண்டாக்கியிருக்கிறது. இருந்தும் சம்பளம் நாம் நினைப்பது போல் இல்லை. 2023 மே மாதத்தில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளரின் நடுத்தர வருடச் சம்பளம் 57,120 டொலர் என்றும், ஒகுபேஷனல் தெரபிஸ்டுக்கு 96,370 டொலர் என்றும் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகம் கூறியது. பின்னவருக்கு அங்கே முதுமாணிப் பட்டம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி நம் கணக்கு. கனடாவில் வெளிநாட்டு மாணவருக்கு வருடக் கட்டணம் 30,000 டொலர் என்று வைப்போம். பெரிய பல்கலைக்கழகங்களில் இதைவிடக் கூடும். தங்குமிடம், சாப்பாட்டுக்கு வருடம் 20,000. கனேடிய டொலரை 200 ரூபா என்று குறைத்தே போட்டாலும், நாலு வருடத்துக்குக் கட்டணம் 2 கோடி 40 இலட்சம், செலவு 1 கோடி 60 இலட்சம், மொத்தம் 4 கோடி ரூபா. விசாவுக்குக் காட்ட வேண்டிய பணமும் ஏறிக்கொண்டே போகிறது. கட்டணத்துக்கு மேலதிகமாகத் தனி ஒருவர் காட்ட வேண்டிய தொகை 2024 ஜனவரியில் 20,635 டொலராக உயர்ந்தது. 2025 செப்டெம்பர் முதல் அது 22,895. மாணவர் எண்ணிக்கைக்கும் 2024இல் உச்சவரம்பு போட்டுவிட்டார்கள்.

வட்டிக்குக் கடன் எடுக்க நம்மில் பலர் விரும்புவதில்லை. எனவே இந்த 4 கோடி கடையின் முதலிலிருந்துதான் போகும். அதோடு நாணய மாற்றையும் யோசியுங்கள். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நேரத்தில் பிள்ளையை வெளியில் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த தவணைக் கட்டணத்துக்குப் பட்ட பாட்டைப் புறக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இறக்குமதிச் சரக்கென்றால் ஓடரை நிறுத்தலாம். இரண்டாம் வருடத்தில் இருக்கும் பிள்ளையை எப்படி நிறுத்துவது?

பிள்ளை அங்கேயே குடியேறப் போகிறதென்றால் இந்தக் கணக்கு ஒரு மாதிரி. ஆனால் நம்மில் அநேகர், அதிலும் மகளை அனுப்புகிறவர்கள், "படித்துவிட்டுக் கொழும்புக்கு வந்துவிடும்" என்றே சொல்கிறார்கள். வந்தால் என்ன செய்வது? இலங்கையில் இந்தப் பெயரில் அரச வைத்தியசாலைப் பதவி கிடையாது. நம் பல்கலைக்கழகங்களில் இந்தப் பெயரில் பட்டமும் கிடையாது. வேலை அளவற்று இருக்கிறது, சம்பளம் கொடுக்க ஆளில்லை. தேவை என்பது வேறு, கிராக்கி என்பது வேறு.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. அது மருதானைக்கும் றாகமைக்கும் பக்கத்தில் இருக்கிறது. இதற்கு மிக நெருங்கிய தொழில் ஒகுபேஷனல் தெரபி, அதாவது தொழில்வழிச் சிகிச்சை. பெயரைப் பார்த்து, வேலை தேடித் தருகிற இடம் என்று எண்ணிவிட வேண்டாம். சட்டைப் பொத்தான் போடுவது, சோறு பிசைந்து சாப்பிடுவது, பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடிப்பது, மீண்டும் கடைக்குப் போய் உட்காருவது என்று மனிதனின் அன்றாடக் காரியங்களைத் திரும்பச் செய்ய வைப்பதே அது. அந்தக் காரியங்களுக்குள் விளையாட்டும் ஓய்வு நேரமும் அடக்கம். அதுவும் பாடத்திட்டத்திலேயே உண்டு.

கொழும்புத் தேசிய வைத்தியசாலையைச் சேர்ந்த பிஸியோதெரபி, ஒகுபேஷனல் தெரபிக் கல்லூரி 1950களில் தொடங்கியது. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இப்போது ஒகுபேஷனல் தெரபியில் விசேட பட்டமே இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் வழமையான பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இதையும் குறிக்கலாம். கட்டணம் இல்லை. அதே பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானப் பட்டமும் உண்டு. முடித்தவர்களுக்கு அரச பதவி என்று ஒன்று இருக்கிறது, இலங்கை மருத்துவ சபையில் பதிவும் இருக்கிறது. அங்கொடை தேசிய மனநல நிறுவகம், றாகம புனர்வாழ்வு வைத்தியசாலை, பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடங்களில் இவர்களுக்கு நிறைய வேலை. எனக்குப் புரியாத ஒன்று, நம் வீடுகளில் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது மருத்துவம், பல் மருத்துவம் எழுதிய பிறகு பேனையை மூடி வைத்துவிடுகிறோம். 4 கோடிக்கு முகவரிடம் விசாரிக்கிற நாம் இலவசமாகக் கிடைப்பதன் பெயரைக்கூடப் படிப்பதில்லை.

இங்கே இடம் கிடைக்காவிட்டால் கனடாவுக்கு முன்னால் தமிழ்நாட்டைப் பாருங்கள். வேலூர் சீ.எம்.சி.யில் இந்தப் பட்டம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே சத்திர சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் அம்மையார் பொறுப்பேற்று நடத்திய புனர்வாழ்வு நிலையம் 1966 முதல் அங்கே இயங்குகிறது. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனமும் இருக்கிறது. செலவு கனடாவோடு ஒப்பிடவே முடியாது, சாப்பாடும் மொழியும் நம்முடையவை. இந்தியா 2021இல் கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் அட்டவணையில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் என்ற பெயரையும் சேர்த்திருக்கிறது. நம் நாட்டிலும் ஒரு நாள் அது வரலாம். வந்தால் தொழில்வழிச் சிகிச்சை படித்தவர் மேலதிகமாக ஒரு வருடம் படித்து அதற்குள் நுழைவது சுலபம். எந்த நாட்டில் படித்தாலும், காசு கட்டுவதற்கு முன்னால் அந்த நிறுவனத்தின் பட்டத்தை இங்கே பதிவு செய்ய முடியுமா என்று மருத்துவ சபையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முகவரின் வாய் வார்த்தை பதிவாகாது.

வியாபாரக் கண்ணோடும் ஒன்று சொல்ல வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் நூற்றுக்கு 7.9 ஆக இருந்தார்கள். 2024இல் அது 12.6. வெள்ளவத்தை மாடி வீடுகளில் பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்க, வயதான தாயும் தகப்பனும் பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் மாதாமாதம் காசு அனுப்புகிறார்கள். ஆள் அனுப்ப முடியவில்லை. காலையில் கூட்டி வந்து மாலையில் கொண்டுபோய் விடும் பகல்நேர முதியோர் நிலையம் ஒன்றை, பதிவு பெற்ற தெரபிஸ்ட் ஒருவரை வைத்து, தொழுகைக்கு இடமும் ஹலால் சாப்பாடும் பெண்களுக்குத் தனிப் பகுதியும் ஒதுக்கி நடத்தினால் சந்தா கொடுக்க அந்தப் பிள்ளைகள் தயாராக இருப்பார்கள் என்பது என் கணிப்பு. நம் பெண்களுக்குப் பெண் தெரபிஸ்ட்தான் வேண்டும். அதில் நம் மகள்மாருக்கு இருக்கிற இடத்தை வேறு யாரும் நிரப்ப முடியாது.

பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று பார்ப்பதற்குக் காசும் தேவையில்லை. பெறுபேறு வருவதற்குப் பல மாதம் காத்திருக்கிறார்கள் அல்லவா? அந்த நாட்களில், பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்திலோ விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பாடசாலையிலோ அனுமதி கேட்டு, வாரத்தில் இரண்டு நாள் உதவிக்கு அனுப்புங்கள். போகும்போது கையில் ஒரு டாம் பலகையைக் கொடுத்து விடுங்கள். மூன்றாவது வாரமும் பிள்ளை தானாகவே புறப்பட்டுப் போனால், றாகமைக்கான விண்ணப்பத்தை எடுத்து வைக்கலாம்.