முன்சில்லுகளும் மாற்றுறுப்புகளும்

வேகமாகச் செல்லும் மோட்டார்க் கார் ஒன்று வளைவிலே திரும்பும்போது அதன் போக்கை முடிவுசெய்வன, உள்ளங்கையளவான இரண்டு இறப்பர்ப் பரப்புகளே. முன்சில்லுகளின் ரயர்கள் வீதியைத் தொடும் இடங்கள் அவை. அவ்விறப்பர் வீதியிலே தட்டையாகப் படிந்திருக்குமாயின் வண்டி சாரதி திருப்பிய வழியே செல்லும். ஓரத்தில் மாத்திரம் பட்டிருக்குமாயின், சாரதி சுக்கானை எவ்வளவு திருப்பினும் வண்டி வேலியை நோக்கியே விரையும். எஞ்சினின் குதிரைவலுவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் மோட்டார்ப் பிரியர்கள் பலர் உளர். அந்த வலுவை வளைவிலே காத்து நிற்கும் கைகளையும் விற்களையும் தண்டுகளையும் பற்றிப் பேசுவோர் சிலரே. சஸ்பென்ஷன் என்று கராஜ்களிலே வழங்கும் தாங்கமைப்பு இவற்றின் தொகுதியாகும்.

வண்டியைச் செய்த கம்பனியல்லாத பிறர் ஆக்கி விற்கும் முன்தாங்கமைப்பு உறுப்புகள் இன்று ஏராளம். மினுமினுக்கும் குழாய்க் கைகளும், நிறந்தீட்டிய விற்களும், இறுகிய செயற்கைப் புஷ்களும் படத்துடன் விலைப்பட்டியல்களில் வருகின்றன. இவற்றை வாங்குவது பயனுடையதா என்ற வினாவுக்கு எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆனால் ஒரு வண்டியை எடுத்து ஆராய்ந்தால் விடை காணும் முறை தெளிவாகும். அதற்கு மிக ஏற்றது அமெரிக்காவின் பழைய போர்ட் மஸ்டாங். மாற்றுறுப்புகள் மிகுதியாக விற்கப்படும் வண்டிகளுள் அதுவும் ஒன்று.

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17-ஆம் நாள் நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே வெளியிடப்பட்டது. தோற்றத்தில் அது விளையாட்டுக் கார். அடியிலோ பெரும்பாலும் பால்கன் என்னும் சிக்கனக் குடும்பக் காரின் உறுப்புகளைக் கொண்டது. அதன் முன்சில்லு ஒவ்வொன்றையும் இரண்டு கைகள் பற்றி நிற்கின்றன. மேற்கை கவையுள்ளது, இரண்டு கால்களால் உடலோடு பொருந்துவது. கீழ்க்கை ஒற்றைத் தண்டு போன்றது. அது முன்னும் பின்னும் அசையாதிருக்க, முன்னோக்கிச் செல்லும் ஓர் இழுதண்டு இறப்பர்ப் புஷ்களின் துணையுடன் அதனைச் சட்டத்தோடு பிணைக்கின்றது. சுருள்வில் கீழ்க்கையில் நில்லாது மேற்கையின்மேல் நின்று, எஞ்சினுக்கு இருமருங்கும் எழும் தகட்டுக் கோபுரங்களுக்குள் தன் சுமையைத் தள்ளுகின்றது. இந்தக் கோபுரங்களை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று.

குடும்பத்தோடு கடைத்தெருவுக்குச் செல்ல இவ்வமைப்புப் போதுமானது. விரைந்து வளைவெடுக்கையில் அதன் குறை வெளிப்படும். வண்டியின் உடல் வெளிப்புறம் சரிகின்றது. அதனோடு வெளிச்சில்லும் தலையை வெளிப்புறம் சாய்க்கின்றது. அப்பொழுது ரயர் தன் வெளியோரத்திலே நிற்கின்றது. சுமை முழுவதையும் தாங்கவேண்டிய சில்லு தன் பிடியின் ஒரு பகுதியை அந்த நேரத்திலேயே இழந்துவிடுகின்றது. இந்தக் குறை எந்த உறுப்பின் பலவீனத்தாலும் வந்ததன்று. மேற்கையின் உள்மூட்டு இருக்கும் உயரத்தால் வந்தது. ஆகவே அதே உயரத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கையைப் பூட்டினாலும் அக்குறை அப்படியே இருக்கும்.

இதனைத் தீர்த்த வழி வியப்பூட்டுமளவு எளியது. கிளவுஸ் ஆர்னிங் என்னும் போர்ட் பொறியியலாளரின் ஆய்விலிருந்து பிறந்த அந்த மாற்றத்தைக் கரோல் ஷெல்பி 1965-ஆம் ஆண்டு ஜீ.ரீ. 350 வண்டிகளிலே செய்தார். மேற்கையின் உள்மூட்டை 1 அங்குலம் கீழே இறக்கினார்கள். அதற்கு வேண்டியன ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு புதிய துளைகள் மாத்திரமே. கையும் பழையதே, வில்லும் அதே இடத்திலே. மூட்டுக் கீழிறங்கியதும் கை அசையும் வட்டப்பாதை மாறுகின்றது. உடல் சரியும்போது வெளிச்சில்லின் தலை உட்புறமாக இழுக்கப்பட, ரயர் வீதியிலே செம்மையாகப் படிகின்றது. வண்டியின் முன்பக்கமும் சிறிது தாழ்கின்றது. இதனோடு கோனி அதிர்வுதாங்கிகளும், 1 அங்குலப் பருமனான சரிவு தடுக்கும் தண்டும் சேர்ந்தன. அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகத்தின் ‘பீ’ உற்பத்திப் பிரிவில் 1965, 1966, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஜீ.ரீ. 350 வெற்றிவாகை சூடியது. 1966-ஆம் ஆண்டு வண்டிகளுள் முதலிற் செய்யப்பட்டவற்றுக்குப் பின், செலவைக் குறைக்கும் பொருட்டு ஷெல்பி நிறுவனமே இம்மாற்றத்தைக் கைவிட்டதென்பது வேறு கதை.

துளையிடுவதற்குச் செலவு மிகச் சொற்பம். அளவு தவறினால் மாத்திரம் கேடு. 1 அங்குலத்துக்கு மேல் இறக்கினால், மேற்கையின் நுனியிலுள்ள பந்து மூட்டுத் தன் அசைவின் எல்லையை முட்டி இறுகக்கூடும்.

சரிவு தடுக்கும் தண்டு பணத்துக்கு நிறைந்த பயன் தரும் மற்றொன்று. முறுக்கை எதிர்க்கும் தண்டின் வலிமை, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கின்றது. முக்கால் அங்குலத் தண்டை எடுத்து 1 அங்குலத் தண்டைப் பூட்டினால் வலிமை மும்மடங்குக்கும் மேலாகின்றது. ஆயினும் மஸ்டாங் முன்பாரம் மிகுந்த வண்டி. முன்தண்டை மேலும் மேலும் தடிப்பாக்கினால், சுக்கானைத் திருப்பினும் நேரே செல்ல விழையும் அதன் இயல்பு மிகும்.

இனி, வாங்கியவருக்குத் தீங்கு விளைக்கும் உறுப்பொன்று. இழுதண்டின் இறப்பர்ப் புஷ்களை நீக்கி, பொலியுரதேன் என்னும் கடிய பொருளாலான புஷ்களைப் பூட்டுவது பலருக்கு விருப்பம். இறப்பர் நெகிழ்ந்து கொடுக்கும். பிரேக் பிடிக்கையில் சில்லு பின்னே நகரும். ஆகவே கடியது நல்லதென்று எண்ணுகிறார்கள். ஆனால் கீழ்க்கை மேலுங் கீழும் அசையும்போது இழுதண்டும் சாய்ந்து அசையவேண்டும். இறப்பர் அதற்கு இடந்தருகின்றது. கடிய புஷ் இடந்தராது; அசைவு முழுவதும் தண்டை வளைக்கும் விசையாக மாறுகின்றது. ஆயிரக்கணக்கான முறை வளைந்த இரும்பு ஒருநாள் முறியும். அதுவும் கடுமையாகப் பிரேக் பிடிக்கும் நாளிலே முறிய வாய்ப்பு அதிகம். அந்த இடத்திலே நல்ல மாற்றுறுப்பு எதுவெனின், நுனியிலே உருண்டை மூட்டுடைய இழுதண்டு. அது பின்னே நகராது, அசைவையும் தடுக்காது. சத்தமும் தேய்மானமும் அதன் விலையோடு வரும் கூடுதல் வரிகள்.

குழாய்க் கைகளைப் பற்றியே மிகுதியாக வினவப்படுகின்றது. தொழிற்சாலையின் தகட்டுக் கை வீதி ஓட்டத்துக்கு வலிமை குறைந்ததன்று. குழாய்க் கையால் பாரம் சிறிது குறையலாம். அதனை வீதியிலே சாரதி உணர்வது அரிது. அக்கைகளின் உண்மைப் பயன் வேறிடத்தில் உள்ளது. சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் வண்டி நேர்வீதியிலே உறுதியாகச் செல்லும். அறுபதுகளின் ரயர்களுக்கென வகுக்கப்பட்ட சாய்வு மிகச் சிறியது. இன்றைய ரேடியல் ரயர்களுக்கு 3 பாகை அளவில் வைப்பது வழக்கம். நன்கு திட்டமிட்ட குழாய்க் கை இதனை எளிதாக்கும். வில்லின் அடிப்பீடத்தில் இறப்பர்ப் புஷ்ஷுக்குப் பதிலாக உருளைத் தாங்கி பூட்டினால் இறுக்கமின்றி அசைவு கிடைக்கும். ஆனால் அதற்குக் கை முழுவதையும் மாற்றவேண்டியதில்லை. பீடம் தனியாகவே விலைக்குக் கிடைக்கும். ஆகவே விற்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி, எக்கோணம் எவ்வளவு மாறுகின்றது என்பதே. அதற்கு எண்ணால் விடை சொல்லத் தெரியாத கடையிலே பணத்தைக் கொடுப்பது வீண்.

கோபுரங்களையே வெட்டியெறிந்துவிட்டு, 1974-இல் வந்த மஸ்டாங் 2 என்னும் சிறிய வண்டியின் மாதிரியில் அமைந்த தாங்கமைப்பைப் பூட்டுவோரும் உண்டு. அகன்ற எஞ்சினை உள்ளே வைக்க இடம் வேண்டுமாயின் அது பொருத்தமான வழி. வளைவெடுக்கும் திறனுக்காக மாத்திரமாயின், உடலின் சுமைதாங்கும் தூண்களை வெட்டி, அச்சுமையை வேறிடத்துக்கு ஏற்றும் அறுவைச் சிகிச்சை அது; பலன் நிச்சயமில்லை, செலவு நிச்சயம்.

இவ்வளவும் கூறியபின் மிகச் சாதாரணமான செய்தியொன்று எஞ்சுகின்றது. இந்தப் பழைய மஸ்டாங்குகள் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவை. தேய்ந்த பந்து மூட்டும், வெடித்த புஷ்ஷும், தளர்ந்த சுக்கான் இணைப்பும் உடைய வண்டியில் எந்த மாற்றுறுப்பும் தன் குணத்தைக் காட்டாது. புதிய உறுப்பு பூட்டியதும் வண்டி நன்றாக ஓடுகின்றதென்று மகிழ்வோரிற் பலர், உண்மையிலே பழைய தேய்மானம் நீங்கியதற்கே மகிழ்கின்றனர். சாதாரண விலைக்குக் கிடைக்கும் தரமான இறப்பர்ப் புஷ்களும் பந்து மூட்டுகளும், நல்ல அதிர்வுதாங்கிகளும், சரியான சில்லுச் சீரமைப்பும் அம்மகிழ்ச்சியின் பெரும்பகுதியைத் தந்துவிடும்.

பிடி மிகுந்தால் சுமையும் மிகும். 1969-ஆம் ஆண்டு பொஸ் 302 என்ற மஸ்டாங்குக்கு அகன்ற ரயர்களைப் பூட்டிச் சோதித்தபோது, அந்தத் தகட்டுக் கோபுரங்களே வெடிக்கத் தொடங்கின; போர்ட் நிறுவனம் அவற்றை வலுப்படுத்தியே வண்டியை விற்பனைக்கு விட்டது. சாதாரண மஸ்டாங்குகளுக்கு அவ்வலுவூட்டல் இல்லை. ஆகவே புதிய கைகளுக்குக் கட்டளை அனுப்புமுன், எஞ்சின் மூடியைத் திறந்து, கோபுரங்களின் பற்றவைப்புத் தையல்களிலே துருவும் கீறலும் உளவா என்று விளக்குப் பிடித்துப் பார்த்தல் வேண்டும். கீறல் காணப்படின், கைகளுக்கென வைத்த பணம் முதலிலே அங்கேதான் செலவாகவேண்டும்.