கடனும் தொட்டிலும்

‘கடன்’ என்னுஞ் சொல் பழந்தமிழிற் பெரும்பாலும் கடமையையே குறித்தது. பொன்முடியார் பாடிய புறநானூற்றுச் செய்யுளொன்று, ஒரு மகன்பால் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய பொறுப்புகளை அச்சொல்லாலேயே வகுத்துரைக்கும். பெற்றதைத் திருப்பிக் கொடுத்தலும் கடமையாதலின், வட்டிக்கு வாங்கிய பணமும் காலப்போக்கில் அப்பெயரைப் பெற்றது போலும். நுகேகொடையில் எம் அயலில் வாழும் இளந் தம்பதியர் இவ்விரு கடன்களுக்கும் நடுவே நிற்கின்றனர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகின்றேன். அவர்களைப் போன்றோர் இந்நகரில் எண்ணற்றோர்.

கடன்பட்டவன் நெஞ்சத்தைக் கம்பன் பாடினான் என்று மேடைதோறும் ஓர் அடியை எடுத்தோதுவர். அவ்வடி கம்பராமாயணத்தில் இல்லை என்பதை எம் மாணவருக்கு ஆண்டுதோறும் சொல்லி வருகின்றேன். திருவள்ளுவரும் நல்குரவு, இரவு, இரவச்சம் என வறுமையையும் அதன் விளைவுகளையும் விரித்தாரேயன்றி, கடன் வாங்குதற்கென ஓர் அதிகாரம் வகுத்தாரல்லர். ஆகவே இவ்விடயத்தில் ஏட்டைக் காட்டிலும் கணக்கே நமக்குத் துணை.

அக்கணவர் கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் எழுதுவினைஞர். மனைவி முன்பள்ளி ஆசிரியை. அவர்கள் ஊதாரிகள் அல்லர். 2022ஆம் ஆண்டே அவர்களைக் கடனாளியாக்கிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. சம்பளம் நின்ற இடத்திலேயே நிற்க, அரிசியும் எரிவாயுவும் பேருந்துக் கட்டணமும் ஏறின. நாடு தன் கடனை நிறுத்தி வைக்கலாம். வீட்டுக்காரர் அதனைச் செய்தல் இயலுமோ? நான்கு பவுண் நகை வங்கியில் அடைவுக்குப் போயிற்று. பின்னர் அறிந்தவர் ஒருவரிடம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு இரண்டு இலட்சம் வாங்கினர்.

நூற்றுக்கு மூன்று என்றால் மாதம் ஆறாயிரம். ஆண்டுக்கு எழுபத்தீராயிரம், அதாவது 36 வீதம். இதனைக் கேட்டதும் ‘கொள்ளை வட்டி’ என்று முகஞ் சுளிப்போம். ஆனால் அதே 2022இற் பல வங்கிகளின் கடன் அட்டை வட்டியும் 36 வீதம் வரை ஏறியதே! சட்டைப் பையில் கிடக்கும் மினுங்கும் அட்டைக்கும் சுருக்குப் பையிலிருந்து எண்ணிக் கொடுக்கும் வட்டிக்காரருக்கும் அவ்வாண்டு வேறுபாடு இருக்கவில்லை. அட்டை வட்டி பின்னர்த் தணிந்தது; வட்டிக்காரரின் மூன்று மூன்றாகவே நின்றது.

எம் முன்னோரும் கடன்பட்டவர்களே. 1707இல் ஒல்லாந்தர் ஏட்டிலேற்றிய தேசவழமையில் ஒற்றி பற்றிய விதிகள் உண்டு. ஒற்றிக்காரர் காணியின் விளைவை வட்டிக்கு ஈடாக உண்பார்; பட்ட முதலோ பட்டபடியே கிடக்கும். அது காணியை உண்ணும் கடன். இன்றைய கடனோ பிள்ளையைப் போலத் தானும் மாதந்தோறும் வளர்வது.

ஆவணியில் அப்பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். கணவர் என்னிடம் வந்து, “ஐயா, முதலில் நகையை மீட்கட்டோ, கைக்கடனை அடைக்கட்டோ?” என்று கேட்டார். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு உறவினர் கூடும்போது மனைவி வெறுங் கழுத்தோடு நிற்பாளே என்பது அவர் கவலை. அக்கவலை சிறிதன்று; எம்மவரிடையே கழுத்தைப் பார்த்தே நலம் விசாரிப்போர் பலர். எனினும் வங்கி அடைவின் வட்டி கைமாற்று வட்டியிலும் மிகக் குறைவு. அடைவுச் சீட்டின் தவணை முடியுமுன் வட்டியைக் கட்டிப் புதுப்பித்தால் நகை ஏலத்துக்குப் போகாது. கட்ட மறந்தால் போய்விடும்; சீட்டிலுள்ள திகதியை நாட்காட்டியிற் குறித்து வைக்கச் சொன்னேன். அத்திகதி மார்கழி நடுவில் விழுந்தது, பேறுகாலத்தை ஒட்டி. நற்காலம், சங்கிலியும் காப்பும் வேறுவேறு சீட்டாக வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை மட்டும் மீட்க வழியுண்டு.

அவர்களிடம் ஒன்றரை இலட்சம் சேமிப்பு இருந்தமை பிறகுதான் தெரிந்தது. தனியார் மருத்துவமனையிற் பிள்ளைப்பேறு பார்ப்பதற்கென அதனை ஒதுக்கி வைத்துவிட்டு, மறுபுறம் மாதம் ஆறாயிரம் வட்டி இறுத்து வந்திருக்கின்றனர்! அரசினர் வைத்தியசாலையிற் பேறு இலவசம். கொழும்பு டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை 1879இல் தொடங்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தோன்றியதன் பின் மருத்துவிச்சியர் வீடு தேடி வரும் முறை நாடெங்கும் பரவியது. 1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஐம்பதுக்குங் குறைவு. இதனைச் சாதித்தவை பெரிதும் இலவச மருத்துவமனைகளும் கால்நடையாகச் சென்ற மருத்துவிச்சியருமே. ‘அரசினர் ஆசுபத்திரியோ?’ என்று உதட்டைப் பிதுக்கும் அன்பர்கள் இதனைச் சற்று எண்ணுதல் வேண்டும்.

ஒன்றரை இலட்சத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுமாறு யான் சொல்லவில்லை. நள்ளிரவில் வாகனம் பிடிக்கவும் திடீரெனப் பரிசோதனைக்குக் கொடுக்கவும் ஐம்பதினாயிரம் கையில் இருக்கட்டும், ஓர் இலட்சத்தைக் கைக்கடனுக்குக் கட்டுக என்றேன். அவ்வளவில் மாத வட்டி மூவாயிரமாயிற்று. பிரசவ விடுமுறை 84 நாள். அது முடிந்தபின் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாவிடின் அவள் வேலையை விடவும் நேரும். ஒரு சம்பளம் குறையுமுன் வட்டி குறைதல் வேண்டும்.

பிள்ளைக்கு உண்மையில் வேண்டுவன சிலவே. முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலே போதும். 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி இந்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 தாய்ப்பால் மட்டுமே அருந்தின. தடுப்பூசி இலவசம். 1973இல் தொடங்கிய திரிபோஷா மாவும், 2015இல் மாதம் 2,000 ரூபாவாகப் பத்து மாதங்களுக்கு வழங்கத் தொடங்கிய போசாக்குப் பொதியும் தாய்க்கென ஏற்பட்டவை. பழைய வேட்டி கிழித்த துணி, ஒரு தொட்டில், சரக்கரைக்கப் பாட்டி, வேறென்ன?

பாட்டி சரக்கோடு நில்லாது பஞ்சாயுதமும் வேண்டும் என்றார். இதற்குத்தான் யான் மறுமொழி கூற இடர்ப்பட்டேன். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் ஐந்தும் கோத்த இவ்வணி பழைய ஐம்படைத் தாலியே. பாண்டியன் நெடுஞ்செழியன் சிறுவர்க்குரிய தாலியை இன்னுங் களையாத பருவத்திலேயே போர்க்களம் புகுந்தான் என்று புறநானூறு கூறும். இத்தனை நூற்றாண்டு நிலைத்த ஒன்றை வேண்டாவென்று சொல்ல யார்க்கு மனம் வரும்? ஆயினும் அது காவலுக்கு அணிவது. காவல் பொன்னால் வருவதன்று. வெள்ளியிற் செய்தாலும் படை ஐந்தே.

கனடாவிலிருக்கும் அம்மான் பொன்னிற் செய்து அனுப்ப எண்ணியிருந்தார். அப்பணத்தால் தங்கையின் சங்கிலிச் சீட்டை மீட்டுக் கொடுத்தால் பிள்ளைக்கும் தாய்க்கும் ஒருங்கே சீர் செய்ததாகும் என்று கணவரைக் கொண்டு எழுதுவித்தேன். பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. “பிள்ளை வெள்ளியோடையே கிடக்கிறது?” என்று என்னைக் காணும்போதெல்லாம் கேட்கின்றார். வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து வளைகாப்புச் செய்யும் எண்ணத்தை மட்டும் அவரே கைவிட்டார். எட்டுப் பேர் வீட்டிற் கூடிக் கண்ணாடி வளையல் இட்டனர்.

இப்போது கார்த்திகை. கைக்கடனில் எழுபதினாயிரம் மிகுதி உண்டு. மார்கழிச் சீட்டுக்கான வட்டியைத் தனியே ஓர் உறையிலிட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருக்கின்றனர். அம்மானிடமிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை. தைப் பொங்கலுக்கு முன் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவிச்சி கணித்திருக்கின்றார்.