வேகம் குறைந்த டிஸ்க்கும் தொலைந்துபோன பில்லும்

“தம்பி, கம்ப்யூட்டரைப் போட்டிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வந்தாலும் அது இன்னும் சுத்திக்கொண்டுதான் இருக்கும்” என்று வெள்ளவத்தை ஹம்டன் லேனில் ஓர் அன்ரி சிரித்துக்கொண்டே சொன்னார். நான்கு மாதமாக அப்படித்தானாம். கடைசியில் பக்கத்துக் கடையில் கொடுத்திருக்கிறார். கடைப் பெடியன் “வைரஸ்” என்றான், ஃபோர்மட் அடித்தான், காசை வாங்கினான். இரண்டு வாரம் கணினி பறந்தது. மூன்றாவது வாரம் டிஸ்க் செத்தது. கணவரின் கடைசிக் காலப் படங்கள், டொரொன்டோவில் இருக்கும் மகளின் கலியாண வீடியோ, ஊர்க் காணி உறுதியின் ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருந்தன. பில் எங்கே என்று கேட்டேன். “பில்லா? அவன் ஒண்டும் தரேல்லையே.”

இந்தக் கதையைத் தெருவின் பெயரை மட்டும் மாற்றி எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நடந்தது நேர்மாறானது. அவருடைய டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. உள்ளே போகும் கேபிள்தான் தளர்ந்திருந்தது. சில நூறு ரூபாய்க் கேபிளை மாற்ற வேண்டிய இடத்தில் புது டிஸ்க் போட்டுப் பணம் வாங்கிவிட்டார்கள். பழைய டிஸ்க்கையும் “கழிவுதானே, நாங்களே எடுக்கிறம்” என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல டிஸ்க், அவருடைய முப்பது வருடக் கடிதங்களோடு, இப்போது யாருடைய மேசையில் இருக்கிறதோ.

டிஸ்க் ஏன் மெதுவாகிறது என்று தெரிந்தால் பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழலும். அதன் மேல் ஓர் ஊசிமுனை தொடாமல் மிதந்து வாசிக்கும். தட்டில் ஓர் இடம் பழுதானால் டிஸ்க் உடனே கைவிடாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். அந்த விநாடிகள் முழுவதும் விண்டோஸ் காத்துக்கொண்டிருக்கும், நீங்களும் காத்துக்கொண்டிருப்பீர்கள். ஃபோர்மட் அடித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றும்போது கோப்புகள் வேறு இடங்களில் எழுதப்படும். பழுதான இடங்கள் சில ஒதுக்கப்பட்டு, கையிருப்பில் உள்ள நல்ல இடங்கள் மாற்றாக வரும். அதனால்தான் இரண்டு வாரம் பறக்கிறது. நோய் அப்படியே இருக்கும், உங்கள் படங்கள் மட்டும் போயிருக்கும்.

ஆகவே முதல் வேலை திருத்துவதல்ல. கொப்பி எடுப்பது. இதை இந்தக் கட்டுரையில் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் சொல்லப் போகிறேன்; சலித்தாலும் வாசியுங்கள், ஏனென்றால் சொன்ன பிறகும் செய்யாதவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வெளியே செருகும் டிஸ்க் ஒன்றை வாங்கி, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் கொப்பி பண்ணுங்கள்: படங்கள், ஆவணங்கள், பிள்ளையின் பாடவேலை. சினிமாவும் பாட்டும் கடைசியில் பார்க்கலாம். ‘கட்’ பண்ணி ஒட்டாதீர்கள், ‘கொப்பி’ மட்டும். டிஸ்க்கில் ‘டிக், டிக்’ என்று தட்டும் சத்தம் கேட்டால் அதுவும் வேண்டாம். உடனே நிறுத்தி, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு தடவை போட்டுப் பார்ப்பதும் தட்டைச் சுரண்டக்கூடும். வீட்டில் மூடியைத் திறந்து பார்க்கும் வீரர்களும் இருக்கிறார்கள். திறந்தால் கதை முடிந்தது.

கொப்பி கையில் வந்த பிறகு சோதனை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் ‘டிஸ்க்’ 100 வீதம் என்று சிவந்து நிற்க, விநாடிக்கு ஒன்றிரண்டு மெகாபைட் மட்டுமே போய்வந்துகொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அப்டேட்டோ வைரஸ் சோதனையோ ஓடினாலும் 100 வீதம் வரும், அதனால் அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அப்படியே நின்றால் ‘கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்று உண்டு. இந்த மென்பொருள் அதைத் திறந்து காட்டும். நீலம் என்றால் பெரும்பாலும் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. நிறத்தோடு நிற்காமல் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பழுதிடங்களின் எண்ணிக்கை. ‘சி5’ என்பது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள், ‘சி6’ மீட்கவே முடியாதவை. இந்த மூன்றில் எதிலாவது பூச்சியமல்லாத எண் இருந்து, அது வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். ‘சி7’ மட்டும் ஏறுகிறதா? அது பெரும்பாலும் கேபிள் பழுது. ஜம்பட்டா வீதி ஆசிரியருக்கு யாராவது இந்த ஒரு வரியைக் காட்டியிருந்தால் போதும், முப்பது வருடக் கடிதங்கள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

பழுதான டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ‘டிஃப்ராக்’ ஓட்டுவதும், கொப்பி எடுக்கும் முன் பிழை தேடும் ‘செக்டிஸ்க்’ ஓட்டுவதும் சாகக் கிடப்பவரை மலை ஏறச் சொல்வது போல. யூரியூபில் பார்த்தேன் என்று செய்யாதீர்கள்.

நான்கு வரிகளும் சுத்தமாக இருந்தும் கணினி மெதுவாக ஓடினால், அது பழுதல்ல, வயது. சுழலும் டிஸ்க் நல்ல நாளிலேயே விநாடிக்கு நூறு, நூற்றைம்பது மெகாபைட்தான் கொடுக்கும். சிறு சிறு கோப்புகள் என்றால் அதிலும் மிகக் குறைவு. சுழலும் தட்டே இல்லாத சாதாரண எஸ்எஸ்டி ஐந்நூறைத் தொடும். காசு இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வைத்து, பழைய கணினிக்கு எவ்வளவு செலவழிப்பது என்று தீர்மானியுங்கள்.

இனி மக்கள் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனாலும், புறக்கோட்டைக் குறுக்குத் தெருவுக்குப் போனாலும், வீட்டுக்கு வரும் பெடியனிடம் கொடுத்தாலும், எழுத்தில் ஒரு துண்டு இல்லாமல் கணினியைக் கையளிக்காதீர்கள். ‘ஜொப் ஷீட்’ என்பார்கள். கடையில் அது இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் நீங்களே எழுதி, கடை முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். அதில் திகதி, உங்கள் பெயர், டிஸ்க்கின் நிறுவனம், கொள்ளளவு, தொடர் இலக்கம், நீங்கள் சொன்ன குறை, உத்தேசச் செலவு எல்லாம் இருக்க வேண்டும். கூடவே இரண்டு வசனங்கள்: ‘கேட்காமல் ஃபோர்மட் செய்யக் கூடாது’, ‘கழற்றும் பாகங்கள் எல்லாம் திருப்பித் தரப்பட வேண்டும்’. தொடர் இலக்கம் டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளில் இருக்கும், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவிலும் தெரியும். கொடுக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். ‘நம்மட ஆள்தானே’ என்று இதை விடுகிறவர்கள்தான் பிறகு என்னிடம் வருகிறார்கள்.

புதுசு வாங்கும்போது இன்னொரு சோதனை. 2025 தொடக்கத்தில் ஜேர்மனியில் ஒரு விவகாரம் வெளியானது: ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள், ஓடிய நேரக் கணக்கு அழிக்கப்பட்டு, புதியவை என்று விற்கப்பட்டிருந்தன. அந்தக் கடைகளுக்கு அவற்றைத் தான் கொடுக்கவில்லை என்றது சீகேட். அங்கேயே அப்படி என்றால் இங்கே கேட்க வேண்டுமா? கடையிலேயே செருகச் சொல்லி ‘பவர் ஒன் அவர்ஸ்’ எண்ணைப் பாருங்கள். புது டிஸ்க்கில் அது பூச்சியம் அல்லது ஒன்றிரண்டு. ஆனால் அந்தக் கணக்கையே அழித்திருக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், தொடர் இலக்கத்தை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டு வொரண்டி எதுவரை என்றும் பாருங்கள். பில்லின் அடியில் உள்ள பொடி எழுத்துகளையும் வாசியுங்கள். வருடம் என்றால் 350 நாள் என்று அச்சடித்த பில்களை நானே பார்த்திருக்கிறேன். எரிந்த தடம், அடிபட்ட தடம், துரு இருந்தால் வொரண்டி இல்லை என்ற வரி ஏறக்குறைய எல்லாப் பில்லிலும் உண்டு. மெரின் டிரைவ் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்கள் அந்தத் ‘துரு’ என்ற சொல்லை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்; கணினியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். வொரண்டி டிஸ்க்கை மட்டும் மாற்றித் தரும். உள்ளே இருந்தவற்றை எந்த நிறுவனமும் மாற்றித் தராது. மறுபடியும் சொல்கிறேன்: கொப்பி.

சரி, ஏமாந்துவிட்டீர்கள். எங்கே போவது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. செய்திகளில் ‘நுகர்வோர் அதிகாரசபை’ என்று வருவதும் இதே சபைதான். தலைமை அலுவலகம் கொழும்பு 2, வொக்ஸோல் வீதி, 27ஆம் இலக்கத்தில் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையத்தின் செயலகக் கட்டடத்தில் இருக்கிறது. அவசரத் தொலைபேசி 1977. கேட்டால் கடைக்காரர் பில் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடுக்கிறது. பழையதைப் புதியது என்று விற்பது வேறென்ன? 13ஆம் பிரிவின்படி, கொடுத்த வொரண்டிக்கு ஒத்துவராத பொருளை விற்றால் சபை விசாரித்து, நட்டஈடோ மாற்றுப் பொருளோ பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோ கட்டளையிடலாம்.

ஆனால் அதே 13ஆம் பிரிவில்தான் கண்ணியும் இருக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் விற்ற அல்லது சேவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977க்கு அடித்துப் பேசிவிட்டு ‘சொல்லியாச்சு’ என்று இருந்துவிடாதீர்கள். கடிதம் போக வேண்டும். வொரண்டி ஒரு வருடம், முறைப்பாட்டுக்கு மூன்று மாதம்! ஐந்தாம் மாதம் டிஸ்க் செத்தால் இந்தக் கதவு மூடியிருக்கும். இந்தக் காலத்தில் இலத்திரனியல் பொருளுக்கு மூன்று மாதம் எந்த மூலைக்குப் போதும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை, இருபது வருடத்துக்கு மேலாகியும் யாரும் திருத்தவில்லை. கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். “அடுத்த கிழமை வாங்கோ, ஏஜென்ட் இன்னும் அனுப்பேல்ல” என்று இழுத்தடிப்பதன் கணக்கு அதுதான். எண்பது நாள் நெருங்கினால் கடையோடு பேசிக்கொண்டிராமல் கடிதத்தை அனுப்புங்கள். திருத்த வேலையும் சேவைதான் என்பதால், அதன் தொடர்பான முறைப்பாட்டுக்குத் திருத்தித் தந்த நாளிலிருந்து எண்ணுங்கள். மூன்று மாதம். எழுத்தில்.

கடிதம் தமிழிலேயே எழுதலாம். அது அரசியலமைப்பு தந்த உரிமை, யாருடைய தயவும் அல்ல. சிங்களத்தில் மட்டும் பதில் அனுப்பும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அப்படி வந்தால் தமிழில் தரும்படி திருப்பி எழுதுங்கள். உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி. கடையின் பெயர், முகவரி. பில் இலக்கம், திகதி, தொகை. பொருளின் மாதிரி, தொடர் இலக்கம். என்ன நடந்தது, எந்தெந்தத் திகதியில் கடைக்குப் போனீர்கள், என்ன பதில் சொன்னார்கள். கடைசியில் நீங்கள் கேட்பது மாற்றா, பணமா, நட்டஈடா. அன்ரிமார் ஐந்து பக்கம் அழுது எழுதுகிறார்கள், பில் இலக்கத்தை எழுத மறக்கிறார்கள். ஒரு பக்கம் போதும். பில், ஜொப் ஷீட், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றுக்கும் பிரதிகளை இணையுங்கள். மூலத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

மூன்று மாதம் கடந்துவிட்டால் மத்தியஸ்த சபை உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சட்டத்தரணி தேவையில்லை, பெரும்பாலும் வார இறுதியில் கூடும். இணங்காவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். ஒரு டிஸ்க்குக்காக அவ்வளவு தூரம் யார் போவார் என்பது வேறு கதை.

கடையில் விட்ட டிஸ்க்கிலிருந்து படங்களை யாராவது எடுத்துப் பரப்பினால் அது பாவனையாளர் பிரச்சினையல்ல, குற்றம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. பொலிஸில் முறைப்பாடு எழுதி முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். ஆலோசனைக்கு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்தை அழையுங்கள். வெட்கப்பட்டு மூடிவைக்கும் பெண்பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னரே செய்யக்கூடியது, பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவராமல் இருப்பது. “அதைத் தந்தால் ஆயிரம் ரூபாய் குறைக்கிறம்” என்பார்கள். வேண்டாம். செத்த டிஸ்க் என்று அவர்கள் சொன்னதிலிருந்து படம் எடுக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாவிக்காவிட்டால் வீட்டில் நாலு இடத்தில் துளைபோட்டு, பிறகு இலத்திரனியல் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

இன்று மாலை அலுமாரியைத் திறந்து கணினியின் பில்லைத் தேடி எடுங்கள். கடைகள் இப்போது தரும் வழவழப்பான வெப்பத் தாள் பில்லில் எழுத்து சில மாதத்திலேயே மங்கிவிடும். மங்கும் முன் ஃபோட்டோக்கொப்பி எடுத்து, அதன் மேல் மூன்று மாதம் முடியும் திகதியைப் பேனாவால் எழுதி வையுங்கள்.