ஆறாவது நிமிடத்து நடை

எம்.ஆர்.ஐ. பரவலாவதற்கு முன்பு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மேலைநாட்டு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்வார்கள். நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து, உடல் சூடேற ஏறக் கண் மங்குகிறதா, கால் தளர்கிறதா என்று பார்ப்பார்கள். தளர்ந்தால் சந்தேகம் வலுக்கும். தொட்டியிலிருந்து தானாக எழ முடியாமல் போவதும் உண்டு.

இதற்கு வித்து 1890-இல் விழுந்தது. ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப், உடலை வருத்தி வேலை செய்ததும் சில எம்.எஸ். நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதையும், ஓய்வெடுத்தால் திரும்பிவிடுவதையும் எழுதிவைத்தார். உழைப்பால் உடலில் ஏறும் சூடுதான் இதற்குக் காரணம் என்பது பிற்பாடு தெரிந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே அரித்துவிடும் நோய் எம்.எஸ். உறை போன இழையில் செய்தி எப்போதும் தட்டுத்தடுமாறித்தான் போகும். வெப்பம் அரை டிகிரி கூடினாலே சில இழைகளில் நின்றுவிடும். உடம்பு குளிர்ந்ததும் மறுபடி ஓடும். இந்தச் சூட்டினால் புதிதாக எந்த நரம்பும் கெடுவதில்லை.

இது உறைக்கத்தான் வெகுகாலம் ஆயிற்று. சூடு ஆகாது, அதனால் உழைப்பு ஆகாது, அதனால் நடக்காதே என்று கணக்குப் போட்டார்கள். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் பெரும்பாலும் தொடங்கும் நோய்; ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஓடியாடும் வயதில் ஒருவரைப் படுக்கச் சொன்னால் என்ன ஆகும்? தசை மெலியும், மூச்சு வாங்கும், மெலிந்த காலை இழுத்து நடக்க முன்னைவிடப் பாடு அதிகம். சோர்வு இரட்டிக்கும். பழி மட்டும் நோயின் மேல்.

1996-இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஜாக் பெடஜன் குழு வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தைப் பலமாக அசைத்தது. எம்.எஸ். உள்ளவர்களைப் பதினைந்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள், கையும் காலும் சேர்ந்து இயங்கும் சைக்கிளில் பயிற்சி செய்ய வைத்தார்கள். உடல் திறன் கூடியது, தசைக்கு வலு வந்தது. இன்று பிசியோதெரபிஸ்ட்டிடம் போனால் நட என்றுதான் சொல்வார். ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் நடந்து, உட்கார்ந்து, மறுபடி கொஞ்சம் நடந்து.

நோயின் பாதிப்பை அளக்கும் விதமும் மாறியிருக்கிறது, ஆனால் அரைகுறையாக. ஜான் குர்ட்ஸ்கே 1983-இல் விரிவாக்கிய அளவுகோல்தான் இன்றும் எம்.எஸ். ஆய்வுகளில் கோலோச்சுகிறது. அதன் நடுப்பகுதி முழுக்கத் தூரக் கணக்கு. துணையில்லாமல், நிற்காமல் 500 மீட்டர் நடந்தால் ஒரு படி, 200 மீட்டர் என்றால் இன்னொரு படி, 100 மீட்டருக்கே கைத்தடி வேண்டும் என்றால் வேறொரு படி. அந்தத் தூரத்தை நடந்தவர் வீடு திரும்பியதும் மீதி நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாரா என்பது இந்தத் தூரக் கணக்கில் ஏறாது. சோர்வைத் தனியாகக் கேட்டுப் பதிவு செய்ய லாரன் க்ரப் 1989-இல் ஒன்பது வாக்கியங்கள் கொண்ட படிவத்தைக் கொண்டுவந்தார்.

எனக்குப் பிடித்தது ஆறு நிமிட நடைச் சோதனைதான். முதல் நிமிடத்தில் எவ்வளவு தூரம், ஆறாவது நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். தெருவில் இதைக் காதாலேயே கேட்கலாம். வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது நடையில் ஒரு குறையும் தெரியாது. இரண்டு தெரு தாண்டியதும் ஒரு பக்கச் செருப்பு சரக், சரக் என்று தரையில் உரசத் தொடங்கும்; பாதத்தின் முன்பகுதி மேலே எழவில்லை. அடுத்த தெருவில் கால் வெளிப்பக்கமாக வளைந்து வரும். பழைய ரப்பர் செருப்பைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றில் மட்டும் முனை தேய்ந்திருக்கும். எதிரே வருகிறவருக்கு இதெல்லாம் தெரியுமா? குடித்திருக்கிறார் போல என்று ஒதுங்குவார்.

மாத்திரையிலும் பலன் அரைகுறைதான். பறவை விரட்டப் பயன்பட்ட 4-அமினோபிரிடின் என்ற வேதிப்பொருளின் மெல்லக் கரையும் வடிவத்துக்கு, நடையைச் சீராக்கும் மருந்தாக 2010-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நடை வேகம் கூடுகிறது. சோர்வுக்குக் கொடுத்துவந்த அமன்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வந்தது. வெற்று மாத்திரையை ஒன்றுமே மிஞ்சவில்லை.

ஆகவே சோர்வுக்கு மிஞ்சியிருப்பவை சாதாரண வழிகள்தான். சென்னையில் மே மாதத்தில் எம்.எஸ். உள்ள பெண்ணுக்கு அடுப்படியே அந்தக் காலத்து வெந்நீர்த் தொட்டி. விடியற்காலையிலேயே சமையலை முடிப்பது, காயை உட்கார்ந்து நறுக்குவது, வெளியே போகுமுன் குளிர்ந்த நீரில் குளிப்பது, கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்வது என்று நாளைத் திட்டமிடச் சொல்கிறார்கள். பலன் இருக்கிறது. "எல்லாருக்கும்தான் அசதி, நீ மட்டும் என்ன?" என்று கேட்கும் மாமியாருக்குத்தான் இன்னும் மருந்து வரவில்லை.

இந்தியச் சட்டமும் நகர்ந்திருக்கிறது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் எம்.எஸ். இல்லை, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். ஆனால் வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். அதற்காக ஒருவர் காலை பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கி, நாற்காலியில் காத்திருந்து, மேசை வரை பத்தடி நடக்கிறார். அந்தப் பத்தடியில் எந்தக் குறையும் தெரியாது. தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், சுவரில் ஒரு கடிகாரம் இருந்தால் போதும்.