பெட்ரோல் டாங்கிக்குள் ராடார்!

இங்கிலாந்து நாட்டில், லண்டன் நகருக்கு வடக்கே பன்ஸ்பீல்டு என்று ஓர் இடம். அங்கே பெரிய எண்ணெய்க் கிடங்கு ஒன்று இருந்தது. பெட்ரோல், டீசல், விமான எண்ணெய் எல்லாம் பெரிய பெரிய டாங்கிகளில் நிரப்பி வைக்கப்பட்டு இருந்தன.

2005–ம் ஆண்டு டிசம்பர் 10–ந்தேதி, சனிக்கிழமை. இரவு 7 மணி சுமாருக்கு ஒரு டாங்கியில் பெட்ரோல் ஏற்றத் தொடங்கினார்கள்.

டாங்கிக்குள் பெட்ரோல் எவ்வளவு உயரம் ஏறி இருக்கிறது என்று காட்ட ஒரு கருவி உண்டு. காவல் இருப்பவர்கள் அறையில் உட்கார்ந்தபடியே அதைப் பார்க்கலாம். விடியற்காலை 3 மணி சுமாருக்கு அந்தக் கருவி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதாகக் காட்டியது. பிறகும் அதையே காட்டியது. அதற்குப் பிறகும் அதையே காட்டியது. கருவி நின்று போய்விட்டது. பெட்ரோல் நிற்கவில்லை!

5½ மணிக்கு மேல் டாங்கி நிரம்பி வழிந்தது. 2½ லட்சம் லிட்டருக்கும் மேல் கொட்டியது. பெட்ரோல் ஆவி மூடுபனி போலத் தரையோடு தரையாகப் பரவியது. 6 மணி 1 நிமிடத்துக்குப் பயங்கர வெடி! 20–க்கும் மேற்பட்ட டாங்கிகள் பற்றிக்கொண்டன. தீ பல நாள் எரிந்தது. 43 பேர் காயம் அடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பக்கத்து அலுவலகங்களில் கூட்டம் இல்லை. அதனால்தான் ஒருவரும் சாகவில்லை.

கம்பியும் குண்டும்

அங்கே இருந்தது ராடார் அல்ல. வேறு வகைக் கருவி. மெல்லிய கம்பியில் ஒரு குண்டு தொங்கும். பெட்ரோல் ஏற ஏற, குண்டும் ஏறும். கம்பியின் நீளத்தைப் பார்த்து அளவு சொல்லும். அந்தக் கம்பிக் கருவி சிக்கிக் கொண்டது. அன்றைக்கு மட்டும் அல்ல. மூன்றரை மாதத்தில் 14 தடவை சிக்கி இருந்தது என்று பின்னால் நடந்த விசாரணையில் தெரிய வந்தது.

ராடாரில் கம்பியும் இல்லை, குண்டும் இல்லை. சிக்குவதற்கு எதுவுமே கிடையாது. பெட்ரோலைத் தொடாமலேயே அளந்துவிடும். ஆகவே பல கிடங்குகளில் இன்று ராடார்தான்.

அப்படியானால் ராடாரை வாங்கிப் பூட்டிவிட்டால் கவலை தீர்ந்ததா? அதுதான் இல்லை! பூட்டுகிறவர் தவறு செய்தால் ராடாரும் பொய் சொல்லும்.

கிணறும் கல்லும்

ஆழக் கிணற்றில் கல்லைப் போட்டு, "தொபுக்" என்று சத்தம் வருகிற நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லுவார்கள் அல்லவா? ராடாரும் ஏறக்குறைய அப்படித்தான். கல்லுக்குப் பதில் ரேடியோ அலை.

1904–ம் ஆண்டிலேயே ஜெர்மனியில் உல்ஸ்மேயர் என்பவர் ரேடியோ அலையை அனுப்பிக் கப்பலைக் கண்டு பிடித்துக் காட்டினார். 1935–ல் இங்கிலாந்தில் வாட்சன் வாட் ஆகாய விமானத்தைக் கண்டு பிடிக்கலாம் என்று காட்டினார். யுத்தத்துக்குப் போன அந்த ராடார், 1970–களில் எண்ணெய்க் கப்பல்களின் டாங்கியை அளக்கவும் வந்து சேர்ந்தது.

ஆனால் ஒரு சங்கடம். ரேடியோ அலை ஒரு வினாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். ஒரு மீட்டர் தூரம் போய்த் திரும்ப அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு வினாடியை 15 கோடி கூறு போட்டால், அதில் ஒரு கூறு! இவ்வளவு சின்ன நேரத்தை எப்படி அளப்பது?

அதற்கு ஒரு தந்திரம் உண்டு. நாயனக்காரர் கீழ் சுருதியில் இருந்து ஒரே சீராக மேலே ஏற்றிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே உள்ள மலையில் பட்டு, அந்த ஓசை திரும்புகிறது. அது திரும்பி வருவதற்குள் அவர் இன்னும் மேல் சுருதிக்குப் போய்விடுகிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு? மலை தூரத்தில் இருந்தால் வித்தியாசம் அதிகம். பக்கத்தில் இருந்தால் கொஞ்சம். டாங்கி ராடாரும் இப்படியே தன் அலையை ஏற்றிக்கொண்டு போகிறது. நேரத்தை அளப்பதற்குப் பதில் வித்தியாசத்தை அளக்கிறது. அதில் இருந்து தூரம் தெரிந்துவிடுகிறது.

எந்த இடம்?

ராடாரை டாங்கியின் தலைமேல் பூட்ட வேண்டும். நடுவிலே பூட்டினால் அழகாக இருக்கும். ஆனால் கவிழ்த்த சட்டி போன்ற மூடி உள்ள டாங்கியில் நடு இடம் ஆகாது. வளைந்த மூடி அலைகளை எல்லாம் நடுவுக்கே திருப்பி அனுப்பும். ஒரு எதிரொலிக்குப் பல எதிரொலி கேட்கும். சுவரை ஒட்டியும் கூடாது. சுவரில் பட்டும் அலை திரும்பும். பெட்ரோல் வந்து விழுகிற குழாய்க்கு நேர் மேலே அறவே கூடாது. விழுகிற பெட்ரோலையே அளந்து, "டாங்கி நிரம்பிவிட்டது" என்று சொல்லிவிடும்!

திரவ டாங்கியில் ராடார் நேர் கீழே பார்க்க வேண்டும். அதற்குப் பிட்டர் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். சாய்வாக இருந்தால் அலை பெட்ரோலில் பட்டு வேறு பக்கம் போய்விடும்.

ராடாரின் அலை, டார்ச்சு விளக்கின் ஒளி போலப் போகப் போக விரியும். பழைய வகை ஒன்றில் 10 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 1¾ மீட்டர் அகலத்துக்கு விரியும். இப்போது வருகிற 80 கிகா ஹெர்ட்ஸ் ராடாரில் முக்கால் மீட்டர்கூட வராது. டாங்கிக்குள் ஏணி, குறுக்குக் கம்பி எல்லாம் இருக்கும். அவற்றில் படாமல் புகுந்து போக ஒடுங்கிய அலைதான் நல்லது.

ஒரு அடிக் குழாய்

பூட்டியாயிற்று. இனிமேல் ராடாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ராடாருக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: தன் முகத்தில் இருந்து பெட்ரோல் எவ்வளவு தூரம் என்பது. டாங்கியின் அடி எங்கே என்று மனிதன்தான் சொல்ல வேண்டும்.

டாங்கியின் ஆழம் 12 மீட்டர் என்று வரைபடத்தில் இருக்கிறது. என்ஜினீயர் அதையே எண்ணாகக் கொடுத்துவிடுகிறார். ஆனால் ராடார் நேராக மூடியின்மேல் இல்லை. மூடியின்மேல் 30 சென்டி மீட்டர், அதாவது ஒரு அடி உயரக் குட்டைக் குழாய் வைத்து, அதன்மேல் அல்லவா பூட்டி இருக்கிறார்கள்! உண்மையான தூரம் 12 மீட்டர் 30 சென்டி மீட்டர்.

விளைவு என்ன? பெட்ரோல் 11 மீட்டர் உயரம் இருக்கும்போது, ராடார் 10 மீட்டர் 70 என்று காட்டும். "இன்னும் ஒரு அடி இடம் இருக்கிறது" என்று நினைப்பார்கள். டாங்கியின் அகலம் 25 மீட்டர் என்றால், அந்த ஒரு அடி என்பது 1 லட்சத்து 47 ஆயிரம் லிட்டர்!

இதனால்தான் அனுபவசாலிகள் வரைபடத்தை மட்டும் நம்புவது இல்லை. ராடார் உட்காரும் இடத்தில் இருந்து அடித்தளம் வரை அளவு நாடாவை விட்டு அளந்து பார்க்கிறார்கள்.

அடுத்த பாடம் வேடிக்கையானது. ஏணியில் பட்டு வரும் எதிரொலியைக் காட்டி, "இதைக் கண்டுகொள்ளாதே" என்று ராடாருக்குச் சொல்ல வேண்டும். டாங்கி காலியாக இருக்கும்போது இதைச் செய்வது நல்லது. பாதி நிரம்பி இருக்கும்போது கவனம் இல்லாமல் செய்தால், ராடார் பெட்ரோலையும் ஏணியோடு சேர்த்து ஒதுக்கிவிடும். மாமியாரை ஒதுக்கச் சொன்னால் மாப்பிள்ளையையும் சேர்த்து ஒதுக்கிய கதைதான்!

எதிரொலி காணாமல் போனால்?

தண்ணீர் அலையைப் பலமாகத் திருப்பி அனுப்பும். பெட்ரோல் அவ்வளவு அனுப்பாது. மேலே கெட்டி நுரை மிதந்தால் எதிரொலி அடியோடு காணாமலும் போகலாம். அப்போது ராடார் என்ன செய்ய வேண்டும்? அதையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

"கடைசியாகக் கண்ட அளவையே காட்டிக்கொண்டு இரு" என்று சொல்லி வைக்கலாம். அடிக்கடி மணி அடிக்காது, தொந்தரவு இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பன்ஸ்பீல்டில் அன்று இரவு மூன்று மணிக்குப் பிறகு அறையில் இருந்தவர்கள் பார்த்தது அதைத்தானே?

"எனக்குத் தெரியவில்லை என்று சொல்" என்றும் சொல்லி வைக்கலாம். ராடார் தன் அளவை மின்சாரமாக அனுப்புகிறது. டாங்கி காலி என்றால் 4 மில்லி ஆம்பியர். நிறைந்தது என்றால் 20. பாதி என்றால் 12. தெரியாவிட்டால் 3.6–க்குக் கீழே இறங்கிவிடும். அல்லது 21–க்கு மேலே ஏறிவிடும். உடனே அறையில் மணி அடிக்கும். மணி அடித்தால் எரிச்சல்தான். எரிச்சல் தேவலை.

எல்லாம் முடிந்த பிறகு டாங்கியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் நாடா விட்டு ராடாரோடு ஒத்துப் பார்க்கிறார்கள். அப்படியும் ராடாரை மட்டும் நம்பி விடுவது இல்லை. டாங்கியின் உச்சியில் தனியாக ஒரு சுவிட்சு வைக்கிறார்கள். பெட்ரோல் அதைத் தொடுகிற உயரத்துக்கு வந்தால், யாரையும் கேட்காமல் வரத்தை நிறுத்திவிடும்.

பன்ஸ்பீல்டு டாங்கியிலும் அப்படி ஒரு சுவிட்சு இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு கைப்பிடி உண்டு. சோதித்த பிறகு கைப்பிடியைச் சரியான இடத்தில் நிறுத்தி, ஒரு சின்னப் பூட்டுப் போட வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் கைப்பிடி கீழே இறங்கிவிடும்; சுவிட்சு வேலை செய்யாது. அந்தப் பூட்டு எதற்கு என்று அங்கே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. திருட்டுப் போகாமல் இருக்கப் போடுகிற பூட்டு என்று எண்ணினார்கள். டிசம்பர் 11–ந்தேதி விடியற்காலை அந்தக் கைப்பிடியில் பூட்டு இல்லை.