காமிராவும் துணைத்திரையும்

கேட்க மட்டுமே இயலும் வானொலியில், காண்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொருத்தமற்ற காரியந்தான். ஆயினும், கல்யாண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் வீடியோப் படம் பிடிக்கும் இளைஞர்கள் சிலரேனும் இதைக் கேட்கக்கூடும் என்ற நம்பிக்கையால் துணிந்தேன்.

முதலில் என் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரில் ஒரு திருமணம். கெட்டிமேளம் முழங்கிற்று, மாங்கல்யதாரணம் நடந்தேறியது. காமிராவின் முதுகிலுள்ள மூன்று அங்குலத் திரையில் எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. இரவு வீட்டிற்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். மணமக்களுக்குப் பின்னே தொங்கிய மல்லிகைச் சரங்கள் இதழ் இதழாகத் தெரிகின்றன; மணமகளின் முகமோ பனிமூட்டத்தில் இருக்கிறது! தாலி கட்டுவதை மீண்டும் ஒருமுறை நடத்திக் காட்டுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? படத்தைப் பெற்றுக்கொண்ட பெண்ணின் தந்தையார் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த மாதமே ஏழு அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கினேன். மானிட்டர் என்பது, காமிரா காணும் காட்சியைக் கேபிள் வழியாகப் பெற்றுக் காட்டும் தனித் திரை. அது படத்தின் தரத்தை உயர்த்துவதில்லை; பிழையை உரிய நேரத்தில் காட்டிக் கொடுக்கிறது.

ஃபிலிம் காலத்தில் இந்த வசதி ஏது? கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களில் காமிரா ஓடும்போது அதன் கண்வழியே காட்சியைப் பார்த்தவர் காமிராக்காரர் ஒருவரே. டைரக்டர், ஃபிலிமைக் கழுவிப் பிரதி எடுத்து 'ரஷ்' போட்டுக் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸ், 1960-இல் வெளிவந்த 'தி பெல்பாய்' படத்தில் தாமே நடித்து, தாமே இயக்கினார். நடிப்பவர் தம்மைத் தாமே எப்படிப் பார்ப்பது? ஃபிலிம் காமிராவோடு ஒரு டெலிவிஷன் காமிராவையும் சேர்த்து, தம் நடிப்பை உடனுக்குடன் திரையில் கண்டார். இன்று நாம் காமிராவின் தலையில் பொருத்தும் சிறு திரைக்கு அவரை ஒரு முன்னோடி எனலாம்.

மானிட்டர் வந்ததும் என் கவலை தீர்ந்துவிட்டது என்று எண்ணினேன். ஆவடியில் ஒரு தேர்த் திருவிழா. சித்திரை மாதத்து உச்சி வெயில். வெயிலில் திரை மங்கித் தெரிந்தது. படமே இருண்டிருக்கிறது என்று நம்பி, லென்ஸின் துவாரத்தை மேலும் திறந்துவிட்டேன். வீட்டில் வந்து பார்த்தால், வடம் பிடித்தவர்களின் வேட்டிகள் மடிப்பே தெரியாத வெள்ளைத் தாள்களாகியிருந்தன. திரையின் ஒளியை 'நிட்' என்ற அலகால் அளக்கிறார்கள். நானூறு, ஐந்நூறு நிட் உள்ள திரை அறைக்குள் போதும்; நம் ஊர் வெயிலுக்கு ஆயிரத்துக்கும் மேல் வேண்டும்; அத்துடன் நிழல் தரும் மறைப்பும் வேண்டும். இவ்வளவு இருந்தும், ஒளியின் அளவைக் கண்ணால் மட்டும் தீர்மானிப்பது தவறு. சுற்றுப்புற வெளிச்சத்திற்கேற்பக் கண் தன் அளவுகோலை மாற்றிக்கொண்டேயிருக்கிறது.

இதற்காகவே மானிட்டருக்குள் சில கருவிகள் இருக்கின்றன. குறித்த அளவுக்கு மேல் வெளுத்த இடங்களில் சாய்கோடுகள் ஓடச் செய்வது 'ஸீப்ரா'. அதை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் நிறுத்தினால், வேட்டி வெளுக்குமுன் எச்சரிக்கை கிடைக்கும். முகத்திற்கு எழுபது என்று மேல்நாட்டார் வகுத்த ஒரு கணக்கு உண்டு. அது வெள்ளையர் முகத்திற்கு ஏற்பட்டது. நம் கருநிற முகத்தை அந்த எழுபதுக்கு ஏற்றினால் நிறமே போய்விடும்; நான் ஐம்பதை ஒட்டியே நிறுத்துகிறேன். ஒளியளவைப் பல வண்ணங்களாகப் பிரித்துக் காட்டும் 'ஃபால்ஸ் கலர்' முறையிலும், சில கருவிகள் முகத்துக்கென ஒதுக்கியிருக்கும் இளஞ்சிவப்பு வெளிர்நிற முகத்தையே குறிக்கும். பெட்டியோடு வரும் குறிப்பை அப்படியே பின்பற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூர்மையான ஓரங்களுக்கு வண்ணம் பூசிக்காட்டும் 'பீக்கிங்' என்ற வசதியும் ஏமாற்றக்கூடியதே. அது நிறவேற்றுமை மிகுந்த ஓரங்களையே முதலில் தேடும். மல்லிகைச் சரத்திலும் ஜரிகைக் கரையிலும் அவை ஏராளம், முகத்தில் குறைவு. அம்பத்தூரில் என்னிடம் பீக்கிங் இருந்திருந்தாலும், மல்லிகை ஜொலிப்பதைப் பார்த்து மகிழ்ந்திருப்பேனோ என்னவோ! இப்போது மணமகளின் கண்ணிமையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டுதான் முகூர்த்தத்திற்குக் காத்திருக்கிறேன்.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறிய காமிராக்களின் எச்.டி.எம்.ஐ. துளை மிக மெல்லியது. யாராவது கேபிளில் கால் இடறினால் துளையே ஒடிந்துவிடும். கேபிளைக் காமிராவின் உடலோடு இறுகப் பிணைத்துவிடுங்கள். திரையைத் தொலைவில் வைப்பதானால், பூட்டிக்கொள்ளும் முனையுடைய எஸ்.டி.ஐ. கேபிளே நம்பத்தக்கது.

தொலைவில் என்றவுடன் வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. பெரிய படப்பிடிப்புகளில் டைரக்டரின் மானிட்டரைச் சுற்றித்தான் கூட்டம் சேரும். எல்லார் கண்ணும் திரையில் இருக்கும். தலைக்கு மேலே என்ன இருக்கிறதென்று பார்ப்பவர் இரார். 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் 'இந்தியன் 2' படத்திற்கான தளத்தில், விளக்குகளைத் தாங்கிய கிரேன் சரிந்து விழுந்து மூவர் உயிரிழந்தனர். பத்திரிகையில் அச்செய்தியைப் படித்த நாள்முதல், எந்தத் தளத்திற்குப் போனாலும் மானிட்டரின் காலை ஊன்றுமுன் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறேன். மேலே எது தொங்கினாலும் பத்தடி தள்ளிப்போய்த்தான் நிறுத்துகிறேன். கேபிள் நீளமாக வேண்டியிருக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன்.