உங்களுக்குத் தெரியுமா? மூங்கில் பிரஷ்ஷிலும் நைலான் இருக்கிறது

பல் மருத்துவர்கள் சொல்வதுபோல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால், நான்கு பேர் உள்ள வீட்டிலிருந்து ஆண்டுக்கு 16 பிரஷ்கள் குப்பைக்குப் போகும். பிடி ஒரு பிளாஸ்டிக், முடி நைலான், சிலவற்றில் ரப்பரும் சேரும். பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களில் டூத்பிரஷ் இல்லை.

மூங்கில் பிரஷ் நல்ல மாற்றுதான். ஆனால் மட்குவது பிடி மட்டுமே; முடி பெரும்பாலும் நைலான். ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த நைலான் என்று அட்டையில் போட்டிருந்தாலும் அது எளிதில் மட்காது. இதைக் கடைக்காரர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழசானதும் குறடால் முடியைப் பிடுங்கிவிட்டு, பிடியைத் தொட்டி மண்ணில் புதையுங்கள். பயன்படுத்தும் காலத்தில், ஈரத்தில் மூங்கிலில் பூஞ்சை பிடிக்கும். காற்றாட நிறுத்தி வையுங்கள்.

முழுக்க மட்குவது நம் வேப்பங்குச்சி. நைலான் பிரஷ் விற்பனைக்கு வந்ததே 1938-இல், அமெரிக்காவில். அதற்கு முன் பிரஷ்களில் இருந்தது பெரும்பாலும் பன்றி முடி. வேப்பங்குச்சியால் துலக்க, இளங்குச்சியின் நுனியை நார் நாராக மென்று, ஈறில் அழுத்தாமல் மெதுவாகத் தேய்க்க வேண்டும்.